தன்னை எண்ணாத தேடல்: மௌன ஞானம் குறித்த தமிழ் நகைச்சுவையும் ஏலமலைச் சரிவும்

ஆய்வுச் சுருக்கம்

தமிழ்ச் சமய மரபு மௌனத்தை உபதேசத்தின் உச்சமாகப் போற்றுகிறது. அதே தமிழில், மௌனத்தின் வழியே ஞானம் பெற விழைபவரைக் கண்டு நகைக்கும் கதைகளும் திரைப்படங்களும் உள்ளன. இவை இரண்டும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல. தேடுபவன் தன்னைக் கணக்கில் கொள்ளாமல் விடும் பிழையையே இரண்டும் சுட்டுகின்றன என இக்கட்டுரை வாதிடுகிறது. தொல்காப்பியம் கூறும் நகையின் நான்கு களங்களை அடிப்படையாகக் கொண்டு பரமார்த்த குரு கதை, காளிதாசன் பற்றிய விரல்வாதக் கதை, ‘பேசும் படம்’, ‘வாயை மூடி பேசவும்’ ஆகியன ஆராயப்படுகின்றன. போடிநாயக்கனூரை அடுத்த ஏலமலைச் சரிவின் வாழ்வைக் காட்டும் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ இவற்றோடு ஒப்புநோக்கப்படுகிறது. யாருடைய மௌனம் ஞானமாக மதிக்கப்படுகிறது, யாருடைய மௌனம் கேட்கப்படாமலே போகிறது என்னும் வினா இவ்வொப்பீட்டின் வழி எழுப்பப்படுகிறது.

திறவுச்சொற்கள்: மௌனம், நகை, மெய்ப்பாடு, பேதைமை, மடன், குறும்படம், ஏலமலை, போடிநாயக்கனூர்.

முன்னுரை

மௌனத்தை நாடுவோர் மலையை நாடுவது தொன்றுதொட்டு வரும் வழக்கம். குகையும் சுனையும் மூடுபனியும் உள்ள இடத்தில் உண்மை தானே வந்து வாய்க்கும் என்னும் எண்ணம் புராணங்களிலிருந்து இன்றைய சுற்றுலா விளம்பரங்கள் வரை தொடர்கிறது. தேனி மாவட்டத்தின் மேற்கு எல்லையில் மலையடிவார ஊராக அமைந்த போடிநாயக்கனூர், இவ்வெண்ணத்தைச் சோதித்துப் பார்க்க ஏற்ற இடமாகும். இவ்வூரிலிருந்து மேலேறும் சாலை போடிமெட்டைக் கடந்து மூணாறு நோக்கிச் செல்கிறது. மலைக்கு அப்பால் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்கள் பரந்துள்ளன. அங்கு விளையும் காயின் பெரும்பகுதி போடிநாயக்கனூரிலும் இடுக்கியின் புற்றடியிலும் நடைபெறும் நறுமணப்பொருள் வாரிய ஏலங்களில் விலைபோகிறது. விளைபொருளுக்கும் அதை விற்கும் முறைக்கும் ‘ஏலம்’ என்னும் ஒரே சொல் வழங்குவது இவ்வூரில் அன்றாடச் சிலேடையாகவே அமைந்துவிட்டது.

கீழிருந்து பார்ப்பவருக்கு இம்மலை அமைதியின் உருவம். விடியும் முன்பே ஜீப்புகளில் நெருக்கியடித்து ஏறி, எல்லை கடந்து தோட்டவேலைக்குச் செல்லும் தொழிலாளர்க்கு அதே மலை அன்றாட உழைப்பின் களம். ஒரே சரிவில் இருவகை மௌனங்கள் உள்ளன என்பதே இவ்வாய்வின் தொடக்கப்புள்ளி. மௌனத்தைத் தேடி மலையேறும் ஒருவனை நகைச்சுவைக் குறும்படம் ஒன்று இச்சரிவில் நிறுத்துமாயின், அதன் நகை யாரை நோக்கியதாக இருத்தல் வேண்டும் என்னும் வினாவுக்கு விடை காண, தமிழ் மரபு மௌனத்தையும் நகையையும் எவ்வாறு இணைத்திருக்கிறது என்பதை முதலில் காண்பது இன்றியமையாதது.

மௌனம்: உபதேசமும் ஐயமும்

கல்லால மரத்தடியில் சனகர் முதலிய நால்வர்க்குச் சொல்லின்றி உபதேசித்த தட்சிணாமூர்த்தியின் வடிவம் தமிழகத்துச் சிவன் கோயில்களில் தென்புறக் கோட்டத்தில் இடம்பெறுகிறது. அவர் காட்டும் சின்முத்திரை, விரலே நூலாகும் நிலையைக் குறிக்கிறது. அருணகிரிநாதரின் கந்தரனுபூதி, சொல் அற்றுச் சும்மா இருத்தலை முருகன் தமக்கு அருளிய உபதேசமாகக் கூறுகிறது. தாயுமானவர் தம் குருவை மௌனகுரு என்றே அழைத்துப் போற்றினார்.

‘சும்மா’ என்னும் சொல்லே இங்குக் கவனத்திற்குரியது. பேச்சுவழக்கில் அது வேலையின்மையையும் காரணமின்மையையும் குறிக்கும். சும்மா இருப்பவன் சோம்பேறி எனப்படுவான். சமய வழக்கிலோ அதே சொல் அடைதற்கரிய நிலையைச் சுட்டுகிறது. சோம்பேறியும் ஞானியும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே அமர்ந்திருப்பர். இவர்களைப் பிரித்தறியும் அடையாளம் மௌனத்தில் இல்லை. திருக்குறளின் கல்லாமை அதிகாரம் இதனை முன்பே உணர்ந்துள்ளது. கற்றோர் அவையில் வாய்திறவாது இருக்க முடிந்தால் கல்லாதவரும் மிக நல்லவரே என்னும் அதன் கருத்து, மௌனத்தை உயர்த்துவது போலத் தோன்றினும், மௌனம் எதையும் மறைக்கவல்லது என்னும் எச்சரிக்கையையும் உள்ளடக்கியது.

ரமண மகரிஷியின் வாழ்வு இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. 1896இல் திருவண்ணாமலையை அடைந்த அவர் நெடுங்காலம் பேசாதிருந்தார். 1902ஆம் ஆண்டளவில் சிவப்பிரகாசம் பிள்ளை எழுப்பிய வினாக்களுக்கு அவர் எழுத்தால் அளித்த விடைகளே பின்னர் ‘நான் யார்?’ என்னும் நூலாயின. மௌனமே உபதேசம் என்று கொள்ளப்பட்டபோதிலும், அதனைப் பெற வந்தவருக்குச் சொல் தேவைப்பட்டது. ஞானியின் மௌனத்திற்கும் தேடுபவனின் வினாவிற்கும் இடையிலுள்ள இவ்விடைவெளியில்தான் நகைச்சுவை நுழைகிறது.

நகையின் நான்கு களங்கள்

மெய்ப்பாட்டியலில் தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளுள் நகையை முதலில் வைக்கிறார். அது தோன்றும் களங்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கைக் குறிப்பிடுகிறார். பேதைமை என்பது அறியாமை. மடன் என்பதனைக் கேட்டதை ஆராயாது மெய்யென்று கொள்ளும் இயல்பாக உரைமரபு விளக்குகிறது. எள்ளல், பிறரை இகழ்ந்து நகுதலோடு பிறரால் இகழப்பட்டுத் தான் நகுதலையும் உள்ளடக்கும். இளமை, முதிராமையால் வரும் செயல்களைச் சுட்டும்.

மெய்ப்பாடு என்பது உள்ளத்து நிகழ்வு உடலின் வழியே காண்போர்க்குப் புலப்படுதல். மௌனியின் முகத்தில் எட்டு மெய்ப்பாடுகளுள் எதுவும் தோன்றுவதில்லை. எனவே காண்பவன் தன் உள்ளத்தில் உள்ளதை அவர்மீது ஏற்றிப் பொருள்கொள்கிறான். பொருந்தாப் பொருள் ஏற்றப்படும்போது நகை பிறக்கிறது. ஆகவே மௌனம் பற்றிய நகைச்சுவையில் நகைக்கப்படுவது மௌனமன்று. அதற்குக் கூறப்படும் உரையே. அவ்வுரை அறியாமையால் பிறந்தால் பேதைமையும், பிறர் சொல்லை நம்பியதால் பிறந்தால் மடனும் களமாகின்றன. இவ்வேறுபாட்டைப் பின்வரும் இரு கதைகள் தெளிவாகக் காட்டும்.

உறங்கும் ஆறும் எண்ணப்படாத ஒருவரும்

வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதையில் குருவுக்கு மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என ஐந்து சீடர்கள். ஆற்றைக் கடக்க வந்த அவர்கள், ஆறு விழித்திருக்கிறதா உறங்குகிறதா என்று அறியக் கொள்ளிக்கட்டையை நீரில் தோய்க்கின்றனர். நீர் சீறியதும் ஆறு விழித்திருப்பதாக அஞ்சி விலகுகின்றனர். பின்னர் அணைந்த கட்டையைத் தோய்த்தபோது ஓசை எழவில்லை. ஆறு உறங்குகிறது என்று முடிவுசெய்து, அதை எழுப்பிவிடாதபடி ஓசையின்றி நடந்து அக்கரை சேர்கின்றனர். கரையேறியதும் எண்ணிப் பார்க்கையில், எண்ணுபவர் தம்மை விட்டுவிட்டு எண்ணுவதால் ஒருவர் குறைகிறார். ஆறு ஒருவரை விழுங்கிவிட்டதாக அனைவரும் அழுகின்றனர்.

இக்கதையில் இரண்டு பிழைகள் உள்ளன. முதலாவது, ஓசையின்மைக்குத் தவறான பொருள் கொள்ளுதல். கட்டை அணைந்திருந்ததே ஓசை எழாமைக்குக் காரணம். தம் கையில் உள்ள கட்டையைப் பாராமல் ஆற்றின் நிலையைப் பற்றி அவர்கள் முடிவெடுக்கின்றனர். இரண்டாவது, எண்ணுபவன் தன்னை எண்ணாமை. ஆழ்ந்து நோக்கின் இரண்டும் ஒரே பிழையின் இரு வடிவங்களே. இரண்டிலும் தேடுபவன் தன்னைக் கணக்கில் சேர்க்கவில்லை.

இங்குக் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. ஆற்றைக் கடந்த பதின்மர் தம்மை எண்ணிப் பார்த்து ஒன்பதின்மரே உள்ளதாக அழுவதும், வழிப்போக்கர் ஒருவர் ‘பத்தாமவன் நீயே’ என உணர்த்துவதும் வேதாந்த நூல்களில் தன்னையறிதலுக்குக் காட்டப்படும் பழைய எடுத்துக்காட்டு. அதே கதையமைப்பு வேதாந்தத்தில் ஞானத்தின் விளக்கமாகவும், வீரமாமுனிவரிடம் போலிக் குருவை எள்ளும் கருவியாகவும் அமைகிறது. சிரிப்புக்கும் ஞானத்துக்கும் எலும்புக்கூடு ஒன்றே. விட்டுப்போனவன் தானே என்று உணர்ந்தால் ஞானம். உணராமல் அழுதுகொண்டிருந்தால் பேதைமை.

விரல்வாதம்: மடனின் களம்

காளிதாசன் பற்றி வழங்கிவரும் கதையில், கல்வியில் செருக்குற்ற இளவரசியை வெல்ல விரும்பிய புலவர்கள், கல்லாத இளைஞன் ஒருவனை மௌனவிரதம் பூண்ட பேரறிஞன் என்று அழைத்து வருகின்றனர். இளவரசி ஒருவிரல் காட்டுகிறாள். தன் கண்ணொன்றைக் குத்தப்போவதாக எண்ணிய இளைஞன், இருகண்ணையும் குத்துவேன் என்று இருவிரல் காட்டுகிறான். அவள் ஐவிரலையும் விரித்ததும், அறைய வருகிறாள் என்றெண்ணிக் கைமுட்டியை மடக்குகிறான். பொருள் ஒன்று, இரண்டு எனவும் ஐம்பொறி, அவற்றின் அடக்கம் எனவும் புலவர்கள் ஒவ்வொன்றுக்கும் தத்துவ விளக்கம் தருகின்றனர். இளவரசி தோற்றதாக ஒப்புக்கொள்கிறாள்.

பரமார்த்த குருவின் சீடர்களிடம் பேதைமை களமாயிற்று. இங்குக் கல்வியுடைய இளவரசி, பிறர் கூறிய விளக்கத்தை ஆராயாமல் ஏற்கிறாள். ஆகவே களம் மடன். இளைஞனின் விரல்கள் தட்சிணாமூர்த்தியின் சின்முத்திரையை நினைவூட்டும் வகையில் பொருள்கொள்ளப்படுகின்றன. இக்கதை சின்முத்திரையை இழிவுபடுத்தவில்லை. முத்திரைக்கும் சைகைக்கும் இடையே வேறுபாடு காணும் பொறுப்பு காண்பவரிடம் உள்ளது என்பதையே அது வலியுறுத்துகிறது. மௌனியைவிட மௌனத்துக்கு விளக்கம் விற்பவரிடமே எச்சரிக்கை தேவை என்பது இதன் உட்பொருள்.

பேச்சற்ற திரை

வாய்மொழிக் கதையில் மௌனத்தைச் சொல்லால்தான் கூற இயலும். திரைப்படமோ மௌனத்தை மௌனமாகவே காட்டும் வாய்ப்புடையது. சிங்கீதம் சீனிவாச ராவ் இயக்கி 1987இல் வெளிவந்த ‘பேசும் படம்’ உரையாடல் இன்றியே முழுநீள நகைச்சுவையாக அமைந்தது. கமல்ஹாசன் ஏற்ற வேலையற்ற இளைஞன், செல்வந்தர் ஒருவரின் இடத்தில் தான் அமர்ந்து உயர்தர விடுதியில் வாழத் தொடங்குகிறான். அவன் முன்பு குடியிருந்த இடம் இரைச்சல் மிகுந்தது. விடுதியறையின் அமைதியில் அவனுக்கு உறக்கம் வருவதில்லை. பழைய இடத்தின் இரைச்சலை ஒலிநாடாவில் பதிவுசெய்து வந்து ஒலிக்கவிட்ட பின்னரே உறங்குகிறான்.

இக்காட்சி இவ்வாய்வுக்கு முதன்மையானது. அமைதி என்பது எல்லார்க்கும் பொதுவான நற்பேறு என்னும் கருத்தை இது கேள்விக்குட்படுத்துகிறது. அமைதி விலைக்கு வாங்கப்படும் இடத்தில், அதை வாங்கப் பழகாதவனுக்கு அது அந்நியமாகிறது. பேச்சில்லாத படமாக இருந்தும் இது ஒலியில்லாத படமன்று என்பதையும் இக்காட்சி உணர்த்துகிறது. இளைஞனின் செயல் இளமையின்பாற்பட்ட நகையைத் தருகிறது. ஆயினும் அவனை எள்ளாமல் அவனோடு சேர்ந்து நகைக்கவே பார்வையாளர் தூண்டப்படுகின்றனர்.

மலைநகரில் விதிக்கப்பட்ட மௌனம்

‘பேசும் படம்’ நகரத்தில் நிகழ்வது. மௌனத்தை மலைக்குக் கொண்டுசென்ற தமிழ் நகைச்சுவைப்படம் பாலாஜி மோகன் இயக்கிய ‘வாயை மூடி பேசவும்’ (2014). 2009இல் கலைஞர் தொலைக்காட்சியில் தொடங்கிய ‘நாளைய இயக்குநர்’ நிகழ்ச்சியின் வழியே அறியப்பட்ட குறும்பட இயக்குநர்களுள் இவரும் ஒருவர். இவருடைய ‘காதலில் சொதப்புவது எப்படி’ முதலில் குறும்படமாக வெளிவந்து, 2012இல் முழுநீளப் படமாயிற்று.

‘வாயை மூடி பேசவும்’ படத்தின் களம் பனிமலை என்னும் கற்பனை மலைநகர். போடிமெட்டுக்கு அப்பாலுள்ள மூணாற்றுப் பகுதியில் இது படமாக்கப்பட்டது. ஊரில் பரவும் விந்தையான காய்ச்சல் மக்களின் குரலைப் பறிக்கிறது. நோய் பேச்சின்வழி பரவுவதாகக் கருதி அரசு பேசுவதற்குத் தடை விதிக்கிறது. அதன்பின் படத்தின் பெரும்பகுதி உரையாடலின்றிச் செல்கிறது. பேச்சால் எதையும் தீர்த்துவிடலாம் என்று நம்பும் விற்பனையாளன் ஒருபுறமும், மிகுந்த பேச்சே தொல்லைக்குக் காரணம் என்று கருதும் இளம் மருத்துவர் மறுபுறமும் நிற்கின்றனர். மௌனம் வந்தபின் இருவர் கொள்கையும் சோதனைக்குள்ளாகின்றன. பேச இயன்றபோது சொல்லாமல் விட்டவை எவையென, பேச இயலாதபோதுதான் மாந்தர்க்குப் புலப்படுகிறது.

இங்கு மௌனம் தவத்தின் விளைவன்று. நோயும் ஆணையும் தந்தது. ஆயினும் தவத்தின் பயன் எனக் கூறப்படுவதில் ஒருபகுதி இங்கும் கிட்டுகிறது. மாந்தர் தம்மை எண்ணிப் பார்க்கின்றனர். மலைக்காட்சியோ மூடுபனியோ இம்மாற்றத்தைத் தரவில்லை. பிறரைக் கவனிக்க வேண்டிய கட்டாயமே தந்தது. மௌனத்தின் மதிப்பு அது நிகழும் இடத்தில் இல்லை, அதில் விளையும் கவனத்தில் உள்ளது என்னும் கருத்தை நகைச்சுவையின் வழியே இப்படம் நிறுவுகிறது.

சரிவில் நடப்பவரின் மௌனம்

போடிமெட்டுக்கு அப்பால் விதிக்கப்பட்ட மௌனத்தைக் கண்டபின், இப்பாலுள்ள சரிவை நோக்குதல் தகும். லெனின் பாரதி இயக்கத்தில் 2018இல் வெளியான ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ தேனி மாவட்டத்து அடிவாரத்தையும் ஏலத்தோட்டங்களையும் இணைக்கும் நடைபாதையைக் களமாகக் கொண்டது. ஏலக்காய் மூட்டை சுமந்து மலையேறி இறங்கும் ரங்கசாமிக்குச் சிறுதுண்டு நிலம் வாங்குவதே வாழ்நாள் விருப்பம். அவன் சேர்த்த பொருள் ஏதேனும் ஒரு வகையில் கைநழுவிக்கொண்டே இருக்கிறது. நிலத்தையும் இழந்து, இறுதியில் காற்றாலைக்குக் காவலாளியாகச் சீருடையில் அவன் அமர்ந்திருக்கும் காட்சியோடு படம் முடிகிறது.

இது நகைச்சுவைப் படமன்று. எனினும் வழித்துணையாக வருவோரின் கேலியும் கிண்டலும் படத்தில் உண்டு. சுமையோடு ஏறும்போது மூச்சு பேச்சைக் குறைத்துவிடுகிறது; சுமை இறக்கிய இடத்தில் பேச்சு திரும்புகிறது. காற்றாலையின் அடியில் ரங்கசாமி அமர்ந்திருக்கும் நிலையைத் தொலைவிலிருந்து காண்பவர், மலையடிவாரத்தில் மௌனத்தில் ஆழ்ந்த ஒருவர் என்று கருதக்கூடும். பார்வையாளருக்கோ அம்மௌனத்தின் முழு வரலாறும் தெரியும். அது எய்தப்பட்ட அமைதியன்று. சொல்லிப் பயனில்லை என்ற நிலை. ‘சும்மா இருத்தல்’ என்னும் தொடரின் மூன்றாவது பொருள் இங்கு வெளிப்படுகிறது. சோம்பலும் அன்று, ஞானமும் அன்று. செய்வதற்கு ஏதும் விட்டுவைக்கப்படாமை.

இந்நிலையில் மௌனத்தைத் தேடி இச்சரிவுக்கு வருபவனின் பிழை தெளிவாகிறது. அவன் கேட்கும் அமைதி, பரமார்த்த குருவின் சீடர்கள் கண்ட ஆற்றின் உறக்கத்தைப் போன்றது. ஓசை இல்லை என்று அவன் முடிவுசெய்வதற்குக் காரணம், தன் செவி அங்குள்ள குரல்களைக் குரல்களாகக் கொள்ளாமையே. ஜீப்பின் முனகலும், காயெடுக்கும் பெண்களின் பேச்சும், காய் உலர்த்தும் கூடத்தின் இரைச்சலும் அவன் கணக்கில் சேர்வதில்லை. எண்ணும்போது அவன் தன்னையும் விட்டுவிடுகிறான். தன்னை மேலே கொண்டுவந்த ஓட்டுநரையும் விட்டுவிடுகிறான்.

குறும்பட வடிவத்திற்கு உரிய வாய்ப்பு

குறும்படம் பெரும்பாலும் ஒரே திருப்பத்தைத் தாங்கும் வடிவம். ஆற்றின் உறக்கமும் விரல்வாதமும் ஒரே தவறான உரையைச் சுற்றி அமைந்தவை ஆதலால் அவை இயல்பிலேயே குறும்படத்திற்கு அணுக்கமானவை. மௌனத்தில் ஞானம் தேடும் கருவுக்கு நகைச்சுவைக் குறும்படம் பொருத்தமாக அமைவது இதனாலேயே. ஞானம் என்னவென்று விளக்க அதற்கு நேரமில்லை. ஞானம் என்று தவறாகக் கொள்ளப்பட்டது எதுவெனக் காட்ட நேரமுண்டு.

ஆனால் இவ்வடிவத்திற்கு ஓர் இடரும் உண்டு. விரைவில் சிரிப்பை எழுப்ப வேண்டிய நெருக்கடியில், பேசாத மலைவாசியையோ கூலித்தொழிலாளியையோ நகைப்பொருளாக்குதல் எளிது. அவ்வாறு செய்தால் களம் எள்ளலாகி, நகை வலியவரிடமிருந்து எளியவரை நோக்கிப் பாயும். மறுதலையாக, அவரையே மறைந்திருக்கும் ஞானியாக்கி முடித்தலும் பிழையே. தேடுபவன் தனக்கு வேண்டியதை அவர்மீது ஏற்றி, மீண்டும் ஒரு விரல்வாதத்தையே நிகழ்த்துகிறான். சுமையால் வந்த மௌனத்தை ஞானமெனப் போற்றுவது, அச்சுமையைப் பற்றிப் பேசாதிருக்கக் கண்ணியமான வழியாகிவிடும்.

முடிவுரை

இவ்வாய்வின்வழி பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

1. மௌனம் தன்னளவில் ஞானத்தையோ அறியாமையையோ வெளிப்படுத்துவதில்லை. ‘சும்மா’ என்னும் சொல்லின் இருபொருள் தமிழ் மரபு இதனை உணர்ந்திருந்தமைக்குச் சான்றாகிறது.

2. மௌனம் பற்றிய தமிழ் நகைச்சுவை மௌனத்தை எள்ளுவதில்லை. அதற்குத் தவறான உரை காணும் பேதைமையையும், பிறர் உரையை ஆராயாது ஏற்கும் மடனையும் களமாகக் கொள்கிறது.

3. எண்ணுபவன் தன்னை எண்ணாமை என்னும் ஒரே கதையமைப்பு வேதாந்த விளக்கத்திற்கும் பரமார்த்த குரு கதைக்கும் பொதுவாக உள்ளது. எனவே நகையையும் ஞானத்தையும் எதிர்நிலைகளாகக் கொள்ளுதல் பொருந்தாது.

4. விரும்பி ஏற்ற மௌனம், விதிக்கப்பட்ட மௌனம், கேட்கப்படாத மௌனம் என மூன்றையும் பிரித்தறிதல் வேண்டும். மூணாற்றுப் பகுதியில் எடுக்கப்பட்ட ‘வாயை மூடி பேசவும்’ இரண்டாவதையும், அடிவாரச் சரிவைக் காட்டும் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ மூன்றாவதையும் முன்வைக்கின்றன.

5. ஏலமலைச் சரிவைக் களமாகக் கொண்டு மௌனத் தேடலைப் பேசும் நகைச்சுவையின் நகை, தேடுபவனின் கணக்கில் விடுபட்டோரை நினைவூட்டும்போதே அறத்தோடு பொருந்தும்.

அக்கரையில் அமர்ந்து அழும் சீடர்களுக்கு வேண்டியது புதிய உபதேசமன்று. எண்ணிக்கையை மீண்டும் தொடங்கி, இம்முறை தன்னிலிருந்தே எண்ணுமாறு கூறும் ஒருவர்தான். மௌனத்தை நாடி மலையேறுவோர்க்குத் தமிழ் நகைச்சுவை ஆற்றிவரும் பணி இதுவே எனலாம்.